மரவாடியிலிருந்து மணைப்பலகை வரை: மரவேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மரவேலை பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் கருவிப் பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். எந்த ட்ரில், எந்த ரம்பம், எந்தக் கம்பெனி என்று தேடுவதிலேயே மாதக்கணக்கு ஓடிவிடும். மரத்தைப் பற்றிக் கேட்டால் "தேக்குதான் நல்லது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கருவி மெதுவாக வரட்டும், மரத்தை முதலில் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. வெட்டி, அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்ட பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துப் பருக்கும், கோடையில் விட்டுச் சுருங்கும். ஐப்பசியில் கதவு இறுகிக்கொள்வதும் சித்திரையில் தானாகத் திறந்துகொள்வதும் இதனால்தான். மரம் வாங்குவதிலிருந்து திருகாணி முறுக்குவது வரை ஒவ்வொரு படியிலும் இந்த அசைவுக்கு இடம்விட வேண்டியிருக்கும்.

வெறும் விளக்கமாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: தரையில் போட்டு உட்காரும் மணைப்பலகை. 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 1 அங்குலப் பருமனில் ஒரு பலகை, அடியில் குறுக்கே இரண்டு கட்டைகள், அவ்வளவுதான். பார்க்க எளிது. தப்பாகச் செய்தால் ஒரே வருடத்தில் நடுவில் பிளந்துகொள்ளும் பொருளும் இதுதான். ஆகவே பழகுவதற்கு நல்லது.

எந்த மரம்?

தேக்கிலிருந்தே தொடங்கலாம், எப்படியும் கேட்பீர்கள். தேக்கின் பெருமை வலிமையில் மட்டும் இல்லை. அதைவிடக் கனமான, உறுதியான மரங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. தேக்கு ஈரத்துக்குக் குறைவாக அசையும், இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உள்ளது, நடுவில் நிறம் ஏறிய வைரப்பகுதியைக் கரையான் எளிதில் தொடாது, பலகையைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளிக்கும் இணங்கும். கதவு, ஜன்னலுக்கு இந்தக் குணங்கள் சேர்ந்து வேண்டும், அதனால்தான் அந்த விலை. மரம் விற்கும் மரவாடியில் தேக்கு என்று கேட்டால் அடுத்த கேள்வி "எந்தத் தேக்கு?" என்று வரும். கானா, நைஜீரியா, ஈக்வடார், கோஸ்டாரிகா என்று நாட்டின் பெயரைச் சொல்லியே அடுக்கியிருப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களில் நிற்கும் பர்மாத் தேக்கு உருட்டுகளாக வருவது 2014 ஏப்ரலோடு நின்றது, மியான்மர் அரசு உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது. இப்போது வெளிநாட்டிலிருந்து வருவதில் பெரும்பகுதி தோட்டத்தில் வளர்த்து இளம் வயதில் வெட்டியது. தோட்டத் தேக்கு என்பதே மட்டம் என்று நினைக்க வேண்டாம். நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நடவைத்த தேக்குத் தோப்பில் எஞ்சிய மரங்களை இன்றும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வயதுதான் வித்தியாசம். இளம் மரத்தில் வைரம் குறைவு, பட்டையை ஒட்டிய வெள்ளை அதிகம்.

வேங்கை கனம், உறுதி, தேக்கைவிட மலிவு. கதவு நிலைக்கும் உத்திரத்துக்கும் அருமையான மரம். ஆனால் அதன் நார் ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கமாகவும் ஓடும், புதியவர் கையில் இழைப்புளி பட்டால் பிய்த்துக்கொண்டு வரும். நனைந்தால் சாயமும் விடும். வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்தால் தெரியும். வேம்பு ஊரெல்லாம் கிடைக்கும், பூச்சி குறைவு, நன்றாகக் காயாவிட்டால் மட்டும் முறுக்கிக்கொள்ளும். பூவரசு அளவான கனம், நெருக்கமான நார், நாட்டுத் தச்சர்களுக்குப் பிடித்தமானது. கருவேலம் வண்டிக்கும் ஏருக்கும் போனது, உங்கள் உளியைப் பதம் பார்க்கும். மா மலிவு, சீக்கிரம் உளுத்துவிடும். பெட்டி அடிக்கலாம், வீட்டுக்கு வேண்டாம். கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர் மரம் வெளுத்த நிறத்தில் அழகாக இருக்கும், போராக்ஸ் கலந்த மருந்து ஏற்றியிருந்தால் மட்டும் வாங்குங்கள். பனை இந்த வரிசையில் சேராது. மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே, பனைக்கு வெளியே. அதனால்தான் பனஞ்சட்டத்தில் உள்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு ஓரத்தை மட்டும் கூரை தாங்கும் கைமரமாகப் போட்டார்கள்.

தொழில் தெரிந்தவர்கள் மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் என்ன வேலைக்கு என்று கேட்பார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பலா, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு ஆச்சா, அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பல ஆண்டு காய்ந்த ஆச்சா. அந்த ஆச்சா தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். கடைசலுக்கும் மரப்பொம்மைக்கும் வெட்பாலை. அரும்பாவூர் மரச்சிற்பிகள் வாகை, மா, வேம்பு போன்றவற்றில் செதுக்குகிறார்கள். இந்த வேலைகள் ஒன்றிலும் தேக்குக்கு முதலிடம் இல்லை.

நம் மணைக்குப் பலா எடுத்துக்கொள்வோம். அளவான கடினம், நன்றாக இழைபடும், மஞ்சளாகத் தொடங்கி வெளிச்சம் படப்பட பொன்பழுப்பாக மாறும். உட்காரும் மணை பலாவில் செய்வது பழைய வழக்கமும்கூட. கிடைக்காவிட்டால் பூவரசு.

சொந்தத் தோட்டத்தில் நிற்கும் மரத்தை வெட்டலாம் என்று யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தனம் உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. மற்றவற்றையும் லாரியில் ஏற்றுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வைரமும் வெள்ளையும்

மரவாடியில் நுழைந்ததும் பலகையின் முகத்தைப் பார்க்காதீர்கள், குறுக்கு வெட்டைப் பாருங்கள். நடுவில் நிறம் ஏறிய பகுதி வைரம். வெளியே பட்டையை ஒட்டி வெளுத்திருப்பது வெள்ளை. மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து நீர் ஏறியது இந்த வெள்ளை வழியாகத்தான். அதில் மாவுச்சத்து இருக்கிறது, அதைத் தேடித்தான் உளுப்பூச்சி வருகிறது. "தேக்கு வாங்கியும் உளுத்துவிட்டது" என்று புலம்புபவர்களின் வீட்டில் போய்ப் பார்த்தால் பொடி கொட்டுவது வெள்ளையிலிருந்துதான் இருக்கும். வெட்டிய மரத்தைக் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கத்தின் காரணமும் இந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றுவதுதான்.

சாயம் பூசி நிறத்தை ஒப்பேற்றிய பலகைகளும் வரும். பாக்கெட்டில் சின்னக் கத்தி ஒன்று வைத்துக்கொண்டு, கேட்டுவிட்டு ஒரு மூலையைச் சுரண்டுங்கள். உள்ளே நிறம் மாறினால் விஷயம் தெரிந்துவிடும். தேக்காக இருந்தால் குறுக்கு வெட்டில் ஆண்டு வளையத்தை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும், தொட்டால் மெழுகு போன்ற பசை, முகர்ந்தால் பதனிட்ட தோலின் வாசனை.

பிறகு பலகையை ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். வில்லாக வளைந்திருக்கிறதா, முறுக்கியிருக்கிறதா? வளைவை ஓரளவு இழைத்து எடுக்கலாம். முறுக்கு விழுந்த பலகையைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கெட்டியான சின்னக் கணு பரவாயில்லை. கறுத்த வளையத்தோடு ஆடும் கணு விழுந்துவிடும். மரத்தின் நட்டநடு, அதாவது குருத்து ஓடிய இடம், பலகைக்குள் வந்திருந்தால் அந்தப் பலகை அங்கிருந்துதான் வெடிக்கும்.

கன அடிக் கணக்கு

இதைத் தெரியாமல் மரவாடிக்குப் போகக் கூடாது. அறுத்த மரத்துக்கு: அகலம் (அங்குலம்) × பருமன் (அங்குலம்) × நீளம் (அடி) ÷ 144 = கன அடி. உதாரணமாக 7 அடி உயரம், 3½ அடி அகலத்தில் ஒரு நிலை, மூன்று பக்கம் மட்டும், 5×3 சட்டத்தில். மொத்த நீளம் 17½ அடி. 5 × 3 × 17.5 ÷ 144, அதாவது ஏறக்குறைய 1.82 கன அடி. கீழே படியும் வேண்டுமானால் 21 அடி, 2.19 கன அடி.

உருட்டாக வாங்கினால் கணக்கு வேறு. சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுப்பார்கள். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தடி இந்த முறையில் சரியாக 10 கன அடி. உண்மையான கனஅளவு 12.7-க்கு மேல் வரும். வாங்குபவருக்கு லாபம்போலத் தோன்றும், ஆனால் பட்டைச்சிம்பும் தூளும் போக அறுத்துக் கையில் வருவது அந்தப் பத்தையும் எட்டாது. முதல் வேலைக்கு உருட்டு பக்கமே போகாதீர்கள்.

மணைக்கு: 6½ அங்குல அகலம், 1¼ அங்குலப் பருமனில் 4 அடிப் பலகை ஒன்று. அது 0.23 கன அடி. கால்கட்டைக்கு 2×1½ சட்டம் 2½ அடி, 0.05 கன அடி. பலகையில் 20 அங்குலமாக இரண்டு துண்டு எடுத்தால் 8 அங்குலம் மிஞ்சும். அதைத் தூக்கி எறியாதீர்கள், இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது. ஏன் 1¼ என்றால், மரவாடி சொல்வது அறுத்த அளவு. இழைத்து நேராக்கினால் கால் அங்குலம் போய்விடும். 1 அங்குலம் என்று வாங்கினால் முக்கால்தான் மிஞ்சும்.

ஈரம்

இங்கே அவசரப்படுபவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பேசுவோம்.

பச்சை மரத்தில் நீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. நாளங்களின் உள்வெளியில் நிற்கும் நீர் ஒன்று, நாரின் சுவருக்குள்ளேயே ஊறிப் பிணைந்த நீர் இன்னொன்று. முதல் வகை வெளியேறும்போது மரத்தின் கனம் குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இரண்டாவது வகை வெளியேறத் தொடங்கும், மரம் சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. நீளவாக்கில் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. வளையங்களைக் குறுக்கே வெட்டிப்போகும் திசையில் ஓரளவு. வளையங்களின் போக்கிலேயே பார்த்தால் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வளைவு, முறுக்கு, வெடிப்பு எல்லாமே இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

அடக்கமான தேக்கையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பச்சையிலிருந்து முழுதும் காயும்வரை வளையப் போக்கில் அது சுருங்குவது 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 20 சதவீத ஈரத்தோடு வாங்கிய 12 அங்குல அகலப் பலகை 12 சதவீதத்துக்கு இறங்கினால் அகலத்தில் ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் காணாமல் போகும். அந்தப் பலகையின் அடியில் அசையாத கட்டையைப் பசைபோட்டு ஒட்டியிருந்தால், அந்த 5 மில்லிமீட்டரும் பிளவாகத்தான் வெளியே வரும்.

எவ்வளவு காய வேண்டும்? கடற்கரை ஊர்களில் 12 முதல் 14 சதவீதம் வந்தாலே சுற்றியுள்ள காற்றோடு சமநிலை. உள்மாவட்டங்களில் கொஞ்சம் குறைவு, ஏசி அறையில் வைக்கும் பொருளுக்கு இன்னும் குறைவு. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. பலகையின் மேல்தோலில் குத்தாமல், புதிதாக வெட்டிய முகத்தின் நடுவில் குத்துங்கள். மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருப்பதுதான் வழக்கமான ஏமாற்று.

மானி இல்லாவிட்டால் தராசு போதும். மிஞ்சிய 8 அங்குலத்தின் ஒரு முனையிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, உடனே எடை போடுங்கள். சமையலறை அவனில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து, இனிமேல் எடை குறையவில்லை என்னும்வரை எடுத்தெடுத்துப் பாருங்கள். ஈர எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்து, காய்ந்த எடையால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 100 கிராம் 80 ஆனால் ஈரம் 25 சதவீதம். வகுப்பது காய்ந்த எடையால் என்பதை மறக்கக் கூடாது.

"சீசன் பண்ணின மரம்" என்று கடையில் சொன்னால் சூளையில் வைத்தாரா, வெறுமனே கொட்டகையில் நிறுத்தியிருந்தாரா என்று கேளுங்கள். சூளையில் சூட்டையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தி நாட்கணக்கில், வாரக்கணக்கில் காயவைப்பார்கள். பூச்சியும் அதில் செத்துவிடும். வீட்டில் காயவைப்பதும் முடியாத காரியமில்லை:

1. வாங்கிவந்த அன்றே பலகையின் இரு முனைகளிலும் பழைய பெயிண்டையோ மெழுகையோ பூசுங்கள். குறுக்கு வெட்டு வழியாக ஈரம் பலமடங்கு வேகமாக வெளியேறும், முனை வெடிப்பது அதனால்தான்.
2. தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வெயிலும் மழையும் படாத, காற்று ஓடும் இடத்தில் அடுக்குங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டவே வேண்டாம்.
3. ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரே பருமனுள்ள ரீப்பர் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வையுங்கள்.
4. மேலே நாலைந்து செங்கல் பாரம்.
5. ஒரு பலகையில் தேதியும் எடையும் எழுதி, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். இரண்டு மாதம் ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது.

அங்குலத்துக்கு ஓராண்டு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் சமவெளியில் ஓரங்குலப் பலகை சில மாதங்களில் காய்ந்துவிடும். கடைசியில், அது இருக்கப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் போட்டுவைத்து எடுங்கள்.

அறுத்த விதம்

ஒரே தடியிலிருந்து இரண்டு விதமான பலகை வரும். தடியை அப்படியே அடுக்கடுக்காக அறுத்தால் பலகையின் முகத்தில் மலைமலையாகக் கோலம் தெரியும். பார்க்க அழகு, ஆனால் காயும்போது கிண்ணமாகக் குவியும். குவிவது எப்போதும் பட்டைப்பக்கம், வளையங்கள் நிமிரப் பார்ப்பதுபோல. தடியை நாலாகப் பிளந்து ஆரவாக்கில் அறுத்தால் கோடுகோடாக நேர் ரேகை, அசைவு பாதி. அப்படி அறுக்க மரமும் கூலியும் அதிகம் என்பதால் கேட்டால்தான் தருவார்கள், பல இடங்களில் கேட்டாலும் தருவதில்லை. அடுக்கில் தேடினால் தடியின் நடுவை ஒட்டி அறுத்த பலகைகளில் அந்த ரேகை தானாகவே அமைந்திருக்கும். மணைக்கு அப்படி இரண்டு அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

இழைப்பு

கருவி என்று பார்த்தால் கை ரம்பம் ஒன்று, இழைப்புளி ஒன்று, முக்கால் அங்குலமும் ஓரங்குலமுமாக இரண்டு உளி, உளியைத் தட்டும் மரச்சுத்தியலான கொட்டாப்புளி, செங்கோணம் பார்க்கும் மூலமட்டம், நாலு கிளாம்ப், சாணைக்கல். இழைக்கவும் ஒட்டவும் இவ்வளவு போதும். இழைப்புளியின் தகடு கடையிலிருந்து வரும்போது கூராக இருப்பதில்லை. தகட்டின் பின்முகத்தை முதலில் கல்லில் கண்ணாடிபோலத் தட்டையாக்கி, சரிவை 25 முதல் 30 டிகிரியில் தீட்டி, பின்பக்கம் மெல்லிய பிசிறு விரலில் தட்டும்வரை போய், பிறகு அந்தப் பிசிறையும் எடுத்துவிடுங்கள். முழங்கை முடி மழிக்கிறதா என்று பார்ப்பதைவிட, பலாவின் குறுக்கு வெட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தூளாகக் கொட்டாமல் சுருளாக வந்தால் கூர் சரி. தேக்கில் மணல்சத்து உண்டு, கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். தேக்கு இழைக்கும் நாளில் கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நார் ஓடும் போக்கில்தான் இழைக்க வேண்டும். விளக்குமாற்றைப் பிடியிலிருந்து நுனிநோக்கி வருடினால் படியும், எதிர்த்து வருடினால் சிலிர்க்கும். பலகையும் அப்படித்தான். பலகையின் பக்கவாட்டைப் பார்த்தால் நார் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியும், அது ஏறும் பக்கமாகத் தள்ளுங்கள். பிய்ந்தால் பலகையைத் திருப்பிப்போடுங்கள். அப்போதும் பிய்ந்தால் தகட்டை உள்ளே இழுத்து, வெங்காயத்தோல் பருமனுக்குச் சீவுங்கள்.

வரிசை மாறக் கூடாது. முதலில் ஒரு முகம். ஒரே பருமனுள்ள நேரான இரண்டு குச்சிகளைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியும்வரை உயர்ந்த மூலையை இழையுங்கள். அந்த முகத்தில் பென்சிலால் ஒரு குறி. அடுத்து ஒரு ஓரம், மூலமட்டம் வைத்து. அதற்கும் குறி. இனிமேல் எல்லா அளவும் இந்த இரண்டிலிருந்துதான். பருமனைச் சுற்றிலும் கோடு போட்டு மறுமுகத்தை அந்தக் கோடுவரை, பிறகு அகலம், கடைசியில் நீளம். தலைகீழாக முதலில் நீளத்தை வெட்டிவிட்டால், முனையில் ஒரு சிம்பு பிய்ந்தாலும் சரிசெய்ய மரம் இருக்காது.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு சேர்த்திருக்கிறது. தேக்குத்தூள் பலருக்கு அரிப்பையும் தரும். துண்டைக் கட்டிக்கொண்டு சமாளிப்பது வேண்டாம், என்-95 முகக்கவசம் போடுங்கள்.

இணைப்பு

6½ அங்குலத் துண்டுகள் இரண்டையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் 12 அங்குலப் பலகை கிடைக்கும். ஓரம் சரியாக வர ஒரு தந்திரம் உண்டு. இரண்டு பலகையையும் புத்தகத்தை மூடுவதுபோல முகத்தோடு முகம் சேர்த்து இறுக்கி, ஒட்டப்போகும் இரண்டு ஓரத்தையும் ஒரே வீச்சில் இழையுங்கள். உங்கள் கை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் விரித்துச் சேர்க்கும்போது ஒரு பக்கச் சாய்வை மறுபக்கச் சாய்வு ஈடுகட்டிவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடுக்கில் ஒளி தெரிந்தால் இன்னொரு முறை. கிளாம்ப் போட்டு நெருக்கி மூடிவிடலாம் என்று நினைத்தால் பிறகு அங்கேதான் விடும்.

பசை, அந்தக் காலத்தில் வச்சிரம் காய்ச்சிச் சூடாகப் பூசினார்கள். இப்போது ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை. இரு ஓரத்திலும் மெல்லியதாகப் பூசி, கிளாம்ப் போட்டு, இடுக்கில் முத்துமுத்தாகப் பசை எட்டிப்பார்க்கும் அளவுக்கு இறுக்குங்கள். அந்த முத்துகளை ஈரத்துணியால் பரப்பித் தேய்க்காதீர்கள், பாலிஷ் போடும்போது அந்த இடம் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். அரைமணி கழித்துக் கெட்டியானதும் உளியால் நெம்பி எடுங்கள். ஒருநாள் கிளாம்ப்பிலேயே இருக்கட்டும்.

இனி கால்கட்டை. மணையின் உயிர் இங்கேதான். கட்டையின் நீளம் பலகையின் அகலத்துக்குக் குறுக்கே ஓடுகிறது. பலகை அகலத்தில் அசையும், கட்டை நீளத்தில் அசையாது. ஆகவே பசை கூடாது. கட்டைக்கு மூன்று திருகாணி: நடுவில் உள்ளதற்குச் சரியளவுத் துளை. ஓரத்தில் உள்ள இரண்டுக்கும் கட்டையில் போடும் துளையை, பலகை அசையும் திசையில் நீள்துளையாக, ஏழெட்டு மில்லிமீட்டருக்கு இழுத்துவிடுங்கள். வாஷர் வைத்து முறுக்குங்கள். பலகை நடுவைப் பிடித்துக்கொண்டு இருபுறமும் தன்பாட்டுக்குப் பருக்கட்டும், சுருங்கட்டும். தேர்ந்த தச்சர்கள் திருகாணியே இல்லாமல் பலகையின் அடியில் புறாவால் வடிவத்தில் காடி எடுத்துக் கட்டையைப் பக்கவாட்டில் செருகுவார்கள், நோக்கம் இதேதான். அது இரண்டாவது, மூன்றாவது மணைக்கு இருக்கட்டும்.

பித்தளை அல்லது துருப்பிடிக்காத திருகாணி வாங்குங்கள். துவர்ப்புச்சத்துள்ள மரத்தில், முக்கியமாகக் கருவேலத்தில், சாதாரண இரும்பு ஈரத்தோடு சேர்ந்து கறுப்புக் கறையாக ஊறும். எந்தத் திருகாணிக்கும் முன்துளை அவசியம்.

மெருகு

உப்புத்தாள் 80, 120, 180 என்று வரிசையாக, நார்ப்போக்கில் மட்டும். 80-இல் ஒழுங்காகத் தேய்க்காமல் 180-க்குத் தாவினால் கீறல்கள் மறையாது, பாலிஷின் அடியில் பளிச்சென்று தெரியும். 180 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். நார் முள்ளுமுள்ளாக எழும். அதைப் பழைய 180 தாளால் லேசாக வருடி எடுத்தால், பிறகு பூச்சு பட்டு எழாது.

பூச்சில் நாலு வழி உண்டு. அரக்குப் பாலிஷ்: லிட்டர் ஸ்பிரிட்டில் 200 கிராம் அளவுக்கு அரக்குச் செதில்களை இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பஞ்சை மல்துணியில் பொதிந்து மெல்லிய கோட்டாகப் பல தடவை ஓட்டுவது. மரத்தின் ஆழத்தை இதுபோல் வேறெதுவும் காட்டாது. ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வட்டம் விழும், தண்ணீர் நின்றால் வெளுக்கும், அடைமழை நாளில் பூசினாலே பால்போலப் படரும். எண்ணெய்: ஆளிவிதை எண்ணெயைத் தடவி, கால்மணி ஊறவிட்டு, மிஞ்சியதை முழுதும் துடைத்துவிட வேண்டும். புதியவருக்குத் தப்பே செய்ய முடியாத வழி, பழுதானால் மேலேயே பூசிக்கொள்ளலாம். மெலமைன், பியூ (பாலியூரித்தேன்) போன்றவை கடினமான படலம், தண்ணீருக்கு அஞ்சாது, கீறல் விழுந்தால் ஒட்டுப்போடுவது சிரமம். கடைசியாகப் பெயிண்ட், அதில் மரம் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கைமரத்துக்கும் உத்திரத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது தென்கோடி வழக்கம், கறுத்துவிடும் என்றாலும் பூச்சி அண்டாது.

உட்காரும் மணைக்கு என் தேர்வு எண்ணெய்தான். எதைத் தேர்ந்தாலும் முதலில் மிஞ்சிய துண்டில் பூசி, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் மேற்பக்கத்துக்குக் கொடுத்த அதே எண்ணிக்கையில் பூச்சு கொடுங்கள். ஒரு முகம் மூடி ஒரு முகம் திறந்திருந்தால் ஈரம் ஒருபக்கமாக ஏறி இறங்கிப் பலகை வளைந்துவிடும். முனைகளை மறக்காதீர்கள், அவை எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது ஒருநாள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு பிறக்கும், சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன. கொடியில் விரித்துப்போட்டு விறைத்துக் காய்ந்த பிறகு எறியுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மணையை உடனே புழக்கத்துக்குக் கொண்டுவரலாம், ஈரத்தரையில் மட்டும் ஒரு மாதம் வைக்க வேண்டாம். முதல் மழைக்காலமும் அடுத்த கோடையும் கடந்ததும் ஒருமுறை திருப்பிப்போட்டு நீள்துளைகளைப் பாருங்கள். வாஷர் உரசிய தடம் பலகை எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும். திருகாணி தளர்ந்திருந்தால் கால் சுற்று முறுக்கினால் போதும், அதற்குமேல் இறுக்க வேண்டாம்.